நனையாத உடுப்பு

என் கணவர் சிலுவைராஜ் சைகோனில் கடலடியில் முங்கி வேலை பார்த்தவர் என்று காரைக்காலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உண்மையில் அவர் சைகோனில் பம்பு சுற்றினவர். வேறொருத்தன் ரப்பர் உடுப்பும் பித்தளைத் தலையும் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குவான். இவர் படகில் நின்றபடி, அவனுக்குக் குழாய் வழியாகக் காற்று அனுப்பும் பம்பின் சக்கரத்தைச் சுற்றுவார். கல்யாணமான புதிதில், ஆசை மிகுதியில், இதை என்னிடம் மட்டும் சொன்னார். தான் சொல்லிவிட்டதற்காகப் பிறகு என்னை மன்னிக்கவே இல்லை.

ஐம்பத்தாறாம் வருடம் செல்வநாதன் அத்தானின் தோணி அரசலாற்று முகத்துக்கு வெளியே மூழ்கியது. அத்தான் என்றால் என் சித்தி மகள் சலோமி அக்காவின் வீட்டுக்காரர். தோணி நிறையச் செப்புத் தகடு. மூச்சடக்கி முங்குகிற பையன்கள் போய்ப் பார்த்துவிட்டு, தோணி வயிற்றுக்குள் நுழைந்து வேலை செய்ய மூச்சு போதாது என்று கையை விரித்துவிட்டார்கள். ரப்பர் உடுப்பு போட்டு முங்கினால்தான் காரியம் ஆகும். அத்தான் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சைகோன் ஆள் வீட்டுக்குள்ளயே இருக்கும்போது நான் எதுக்கு வெளியூர்ல தேடணும் சிலுவை?"

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர். முடியாது என்று சொல்ல வேண்டாம், காய்ச்சல் என்றாவது சொல்லியிருக்கலாம். "உடுப்பு மட்டும் நல்லதா அமையணும் அண்ணன். அமைஞ்சா உடம்புல ஒரு சொட்டுத் தண்ணி படாம ஏறி வருவேன்" என்றார். சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாரம் வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. எல்லாருமாகப் போனோம். திரும்பும் வழியில் நாகப்பட்டினத்தில், கப்பலில் கழித்த சாமான் விற்கிற கடையில் இறங்கினோம். கடைக்காரர் இரண்டு உடுப்புகளை மூங்கிலில் மாட்டிக் காட்டினார். கழுத்திலிருந்து கால்விரல் வரை ஒரே தையலாக, உள்ளே ஆளில்லாத ஆள்கள் மாதிரி அவை தொங்கின.

ஒன்று வெளுத்துக் கிடந்தது. மேலெல்லாம் வெள்ளைப் பொடி தூவி, தொட்டால் வறவறவென்று இருந்தது. மற்றது கருகருவென்று மினுங்கியது. கிட்டே போனதுமே மீன் எண்ணெய் வாடை. எங்கள் கரையில் பிறந்தவனுக்கு அந்த வாடைக்கு மேல் அத்தாட்சி வேண்டாம். தோணிப் பலகையானாலும் துடுப்பானாலும் எண்ணெய் காட்டி வைத்திருந்தால் அது பேணின சாமான். பொடி பூத்துக் கிடப்பது கேட்பாரற்ற சாமான். ரப்பர் என்பது பலகை இல்லை, எண்ணெய் பட்டால் அது ஊறி நைந்துபோகும், அந்தப் பொடிதான் அதற்குப் பாதுகாப்பு என்பது அன்று அங்கே நின்ற எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சைகோனில் உடுப்பைக் காயவைத்துப் பொடி போட்டு மடித்தவன் வேறு ஆள். இவர் சக்கரத்தை விட்டு நகர்ந்திருந்தால்தானே பார்த்திருப்பார்!

"போட்டுக்கப் போறது நீங்க. நீங்களே எடுங்க" என்றார் அத்தான். என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாழ்க்கையில் யாரும் அவரை எதையும் எடுக்கச் சொன்னதில்லை. கறுப்பு உடுப்பின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வச்சிருந்தவன் மனுசன். எப்படி எண்ணெ காட்டி வச்சிருக்கான் பாருங்க. இதுதான்."

நானும் தொட்டுப் பார்த்தேன். விரல் ஒட்டியது. எடுத்தபோது ரப்பரில் என் விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

"ஏங்க, கை ஒட்டுதுங்க. பிசுபிசுன்னு இருக்கு."

"உனக்குப் பொடவ எடுக்கத் தெரியும். இதுல வாய வைக்காத."

கடைக்காரர் சிரித்தார், அத்தானும் சிரித்தார். நான் சலோமி அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா என் இடுப்பில் கிள்ளி, "விடுடி, ஆம்பளைங்க பாடு" என்றாள்.

அதே கடையில் வாங்கின பம்பும் பித்தளைத் தலையும் அத்தான் வீட்டுக்குப் போயின. உடுப்பு எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்தது. தினமும் சாயங்காலம் அதைக் கொடியில் போட்டு மீன் எண்ணெய் தேய்ப்பார். கழுத்துப் பட்டை, மணிக்கட்டு, தொடைத் தையல் என்று ஓர் இடம் விடாமல் தேய்ப்பார். கட்டினவளுக்கு ஒரு நாளாவது தலையில் எண்ணெய் வைத்த கை இல்லை அது.

முதல் வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. நாகூர் மீரான் பம்பு சுற்றினார். அவர் திருமலைராயன்பட்டினத்துக்காரர், நிதானமான மனிதர். செப்புத் தகடுகள் கட்டுக் கட்டாக மேலே வந்தன. கரையில் கூட்டம் கூடியது. என் கணவர் பித்தளைத் தலையைக் கழற்றிவிட்டு ராஜா மாதிரி உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார். பொய் சொல்லி ஏறின இடமானாலும் அதில் அவர் உட்கார்ந்த அழகைப் பார்த்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

உடுப்புக்கு உள்ளே போடுகிற கம்பளிச் சட்டையைத் துவைப்பது நான். முதலில் மணிக்கட்டில் ஈரம். அடுத்த வாரம் மார்பு வரை ஈரம். ஒரு நாள் பிழிந்தேன். தரையில் தண்ணீர் ஓடியது.

"என்னங்க இது?"

"வேர்வ."

"வேர்வையா? புழிஞ்சா வாளி நெறையுதுங்க. உடுப்பு தண்ணி வாங்குது. வேற உடுப்பு எடுக்கச் சொல்லுங்க."

"எடுத்தது நானு. இப்பப் போயி தப்பா எடுத்துட்டேன்னு சொல்லச் சொல்றியா? சைகோன்ல என்னத்தப் பாத்தன்னு கேக்க மாட்டாங்களா?"

அதுதான் விஷயம். ஓட்டை உடுப்பு என்று ஒத்துக்கொண்டால் பம்பு சுற்றினவன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதைவிட நனைவது அவருக்குச் சுலபமாக இருந்தது. என்ன மனிதன் இவன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவருக்குத் தெரியாமல் அத்தான் வீட்டுக்குப் போனேன். சலோமி அக்கா எறா உரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் நாற்காலியில் இருந்தார். உட்காரக்கூட இல்லை நான்.

"அத்தான், அவரு சைகோன்ல பம்புதான் சுத்துனாரு. ஒரு நாளும் முங்குனதில்ல. அந்த உடுப்பு தண்ணி வாங்குது. அவர நிறுத்துங்க. உங்க கால்ல விழுறேன்."

அக்காவின் கை நின்றுவிட்டது. "நீ அழுவாத. நான் கேட்டுக்குறேன்" என்றார் அத்தான். பாதித் தகடு இன்னும் கடலுக்குள் கிடந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கேட்கத்தான் கேட்டார். என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, உடுப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். சைகோனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்த என் கணவர் சோற்றைத் தள்ளி வைத்தார்.

"அண்ணன் கேட்டாரு. நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். இனிமே எங்கிட்டப் பேசாத."

நானும் பேசவில்லை. அடுத்த இரண்டு நாளும் கம்பளியைத் துவைத்துக் காயப்போட்டேன். மூன்றாம் நாள் துவைக்க வேண்டியிருக்கவில்லை.

நாகூர் மீரான்தான் வந்து சொன்னார். கீழே என் கணவர் தகட்டைக் கட்டுவதற்குக் குனிந்திருக்கிறார். பித்தளைத் தலையோடு சேர்கிற இடத்தில் கழுத்துப் பட்டை நைந்து கிழிந்துவிட்டது. கயிறு துடித்ததும் இழுத்திருக்கிறார்கள். மேலே வந்தபோது பித்தளைத் தலைக்குள் முழுக்கத் தண்ணீர். "நான் சுத்துறத நிறுத்தவே இல்லம்மா. அல்லா அறிய நிறுத்தல" என்று அந்த மனிதர் குலுங்கினார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அழுகை சவப்பெட்டியை மூடும்போது வந்தது.

பிறகு போலீஸ் விசாரணை. கொமிசேர் என்கிற போலீஸ் அதிகாரி முன்னால் அத்தான் நல்ல வெள்ளை வேட்டியில் நின்றார். கண் கலங்கியிருந்தது, அது வேஷமில்லை.

"முங்கத் தெரிஞ்சவருன்னு நம்பித்தாங்க எறக்குனேன். உடுப்பையும் அவரே பாத்து எடுத்தாரு. கொற இருக்குன்னு யாரும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்க."

நான் எழுந்துவிட்டேன். "நான் சொன்னேன். இவரு வீட்டுக்கே போயிச் சொன்னேன். பம்பு சுத்துனவருன்னும் சொன்னேன், உடுப்பு தண்ணி வாங்குதுன்னும் சொன்னேன். எங்க அக்கா பக்கத்துலயே இருந்தா. கூப்பிட்டுக் கேளுங்க."

ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். சலோமி அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். நான் அவளையே பார்த்தேன். அவள் கொமிசேரின் மேசையைப் பார்த்தாள்.

"வந்தாளுங்க. அழுதா. வீட்டுக்காரரப் பத்தி பயமா இருக்குன்னா. பொம்பளைங்க எல்லாருக்கும் இருக்குற பயம்தானே. உடுப்பப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க."

எழுதிக்கொண்டார்கள். அதோடு முடிந்தது. செத்தவனின் அஜாக்கிரதை என்று தீர்ந்துவிட்டது.

வெளியே வந்ததும் அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"எனக்கும் ஒரு புருசன் இருக்காருல்ல இசபெல்லா. புடிச்சி உள்ள போட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

என் கையை உருவிக்கொண்டேன். அவளைத் திட்ட வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் செய்ததும் நான் செய்ததும் ஒரே காரியத்துக்காகத்தான். புருஷனைக் காப்பாற்ற நான் உண்மையைச் சொன்னேன், அவள் பொய்யைச் சொன்னாள். அவள் புருஷன் உயிரோடு இருக்கிறான்.