காய்ச்சலில் ஏறிய கொழுப்பு

ஒரே வீட்டில் இருந்த லேத் பட்டறை அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரே வைரஸ் காய்ச்சல்தான் படுக்கையில் தள்ளியது. முதலில் அண்ணனுக்கு வந்தது, அவன் இருமி இருமித் தம்பிக்கும் வந்தது. தம்பிக்கென்று எதையும் விட்டுக்கொடுக்காத மனுஷன், இதை மட்டும் தாராளமாகக் கொடுத்தான்.

காய்ச்சல் விட்ட கையோடு இருவரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். அண்ணனுக்கு அது சும்மா. தம்பிக்கு அது வாழ்வா சாவா. அவன் குடித்துச் சீரழிந்த காலத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு ரத்தத்தில் எகிறிக் கிடந்தது. குடியை விட்டதும் இறங்கியது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அந்த எண் ஒன்றுதான் சாட்சி. ஏறினால் குடிக்கிறான், இறங்கினால் திருந்திவிட்டான். மகளோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவி, இந்த முறையும் சரியாக இருந்தால் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தாள். அவன் கட்டிலுக்குப் புது மெத்தைகூட வாங்கிப் போட்டுவிட்டான்.

ரிப்போர்ட்டை அண்ணன்தான் வாங்கி வந்தான். மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் படித்தான்.

"எனக்குக் கொலஸ்ட்ரால் நல்லா எறங்கிடுச்சு. ஊரே என்னைக் கொழுப்பெடுத்தவன்னு சொல்லுது, ரிப்போர்ட்டு இல்லேங்குது!"

வேலையாட்கள் சிரித்தார்கள். முதலாளி சொல்கிற ஜோக்குக்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா?

"தம்பிக்கு என்னன்னு பாப்போம். அடேங்கப்பா! ட்ரைகிளிசரைடு எகிறிக் கெடக்கு! எங்கடா ஒளிச்சு வச்சு ஊத்திக்கிற?"

"சத்தியமா ஒரு சொட்டு தொடலண்ணே."

"வாய் பொய் சொல்லும். ரத்தம் பொய் சொல்லுமாடா?"

அங்கேயே நின்று ரிப்போர்ட்டைப் படம் எடுத்துத் தம்பி மனைவிக்கு அனுப்பினான். இதில் அவனுக்கு என்ன லாபம் என்று கேட்டால், ஒன்றுமில்லை. அடுத்தவன் அழுவதைப் பார்த்தால்தான் சில பேருக்குச் சோறு இறங்கும்.

தம்பி உடனே தன் மனைவிக்கு ஃபோன் போட்டான். "நான் குடிக்கலம்மா, நம்பு."

"அப்பவும் இதையேதான் சொன்னீங்க."

அது உண்மை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பட்டறை வாசலில் அண்ணன் அவனை நிறுத்தி, "ஊதுடா" என்பான். அவன் ஊதுவான். வாடை வராது. "பய கில்லாடி, எதையோ மென்னுட்டு வந்திருக்கான்" என்பான் அண்ணன். மற்றவர்களும் பொழுதுபோக்காக, போகிற போக்கில் அவனை மோந்து பார்க்க ஆரம்பித்தார்கள். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு இரும்பைக் கடைந்தான். குடித்தாலும் குடிகாரன், குடிக்காவிட்டாலும் குடிகாரன் என்றால் எதற்குத்தான் இந்தப் பாடு? ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வெளியே போனவன் வேலைக்குத் திரும்பவில்லை. முதல் மடக்கு குமட்டியது. இரண்டாவது குமட்டவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் மனைவி பையோடு நின்றிருந்தாள். அழுதிருந்தாள்.

"பாப்பாவுக்கு உடம்பு சரியில்லேன்னு டாக்டர்கிட்ட போனேங்க. உங்க ரிப்போர்ட்டையும் காட்டினேன். காய்ச்சல் வந்தா அந்தக் கொழுப்பு தானா ஏறுமாம். கொலஸ்ட்ரால் எறங்குமாம். உடம்பு நல்லாத் தேறினப்புறம் எடுத்தாத்தான் சரியாத் தெரியுமாம். உங்க மேல தப்பே இல்ல. நான்தான் நம்பல, மன்னிச்சிடுங்க."

அவன் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே இருந்துவிட முடியும் என்று ஒரு கணம் நினைத்தான். அதற்குள் மகள் ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, நாறுது" என்றாள்.

மனைவி கத்தவில்லை. கிட்டே வந்து ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தாள். குழந்தையை அவன் கையிலிருந்து பிரித்து வாங்கிக்கொண்டு பையை எடுத்தாள்.

உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றான்.

அவள், ஆமாம் என்று தலையாட்டினாள்.