ரிட்சுகோவின் காது

தூசி தட்டும்போது ஸ்வெட்டர் கையிலிருந்து பிரிந்த ஒரு நூல் எதிலோ மாட்டியது. யுகாரி வெடுக்கென்று கையை இழுத்தாள். இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளின் ஊசி முறிந்துவிட்டது.

வேறு எதை உடைத்திருந்தாலும் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். அந்த டர்ன்டேபிளும் சரி, ஊசியைத் தாங்கியிருக்கும் கட்டைவிரல் நுனியளவு கார்ட்ரிட்ஜும் சரி, கணவர் தோயாமா கென்சாகுவின் முதல் மனைவி ரிட்சுகோ தேர்ந்தெடுத்தவை. விவாகரத்தாகிப் போகும்போது, தன் புது வீட்டில் சுவர் ரொம்ப மெல்லிசு, பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று விட்டுவிட்டுப் போயிருந்தாள். யுகாரி வந்த பிறகு திரைச்சீலை மாறியது, சாப்பாட்டு மேஜை மாறியது. டர்ன்டேபிளை மட்டும் யாரும் நகர்த்தவில்லை.

கென்சாகு வேலையிலிருந்து திரும்புவதற்குள் மாற்றிவிடலாம் என்று கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மின்சாதனக் கடைகள் நிறைந்த நிப்பொன்பாஷிக்கு ரயில் ஏறினாள்.

டர்ன்டேபிள் வாங்கிய கடை ஒரு மாடியில் இருந்தது. உரிமையாளர் ஹமசாகி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"அடடா, முறிஞ்சே போச்சே! இது தோயாமா சார் வீட்டுதாச்சே. நான்தான் பூட்டிக் குடுத்தேன்." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீங்க ரிட்சுகோ அம்மாவோட தங்கச்சியா?"

யுகாரி வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"இதுக்கு எதுக்கும்மா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு? அதான் புது செட்டே பாத்துட்டிருக்காங்களே. போன சனிக்கிழமைகூட ரெண்டு பேரும் இந்த சோபாலதான் உக்காந்து ஒரே சண்டை. சார் எதப் போட்டாலும் நல்லாருக்குங்கறாரு. அந்தம்மா, 'உனக்கென்ன தெரியும், தகரத்தத் தட்டற மாதிரி இருக்கு'ங்கறாங்க. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்த வலியே வந்துருச்சு."

சனிக்கிழமைகளில் கென்சாகு நீச்சல் குளத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

"அந்தப் புது செட்டு யார் வீட்டுக்குங்க?"

"சார் வீட்டுக்குத்தாம்மா."

"நான் அவரோட மனைவி" என்றாள் யுகாரி.

ஹமசாகி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். தேநீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. அவள் கிளம்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கென்சாகு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஊசிய ஒடச்சுட்டேன். கடைக்குப் போயிருந்தேன்."

உரித்த கை பாதியில் நின்றது. "ஹமசாகி சொல்லிட்டாரா?"

"நான் யாருன்னே அவருக்குத் தெரியல. அதனாலதான் சொன்னாரு."

"சத்தியமா வேற ஒண்ணும் இல்ல, யுகாரி. எனக்கு இசை கேக்கற காது கெடையாது. எது நல்ல சத்தம்னு அவதான் சொல்லுவா. அவ சொன்னப்புறம்தான் எனக்கே அது கேக்கும்."

அவர் பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது யுகாரிக்கு.

"ஒண்ணும் இல்லாததுக்கு நீச்சல் குளம் எதுக்குங்க?"

அவர் மீதி ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினார்.

"இந்த வாரம் நானும் வரேன்" என்றாள்.

சனிக்கிழமை ரிட்சுகோ முன்னதாகவே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, கூர்மையான பார்வை. யுகாரியைக் கண்டதும் எழுந்து முறையாகக் குனிந்து வணங்கினாள். ஹமசாகி ஒரே இசைத்தட்டை இரண்டு கார்ட்ரிட்ஜில் மாற்றி மாற்றி ஓட்டிக் காட்டினார். முதலாவதில் செல்லோ வாத்தியம் பக்கத்து அறையில் யாரோ முனகுவதுபோல வந்தது. இரண்டாவதில் தந்தியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது.

"ரெண்டாவதுதான், சந்தேகமே இல்ல" என்றாள் ரிட்சுகோ, மூடிய கண்ணைத் திறக்காமலே. கென்சாகுவின் தலை அதற்குள் ஆடத் தொடங்கியிருந்தது.

"மொதல்ல போட்டது" என்றாள் யுகாரி.

ஹமசாகி தரையைப் பார்த்தார்.

"அது கொஞ்சம் மந்தமா இல்லியா?" ரிட்சுகோ குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இருக்கலாங்க. ஆனா அது ஓடப்போறது என் வீட்ல. நான் சமைக்கறப்ப, துணி மடிக்கறப்ப எல்லாம் கேக்கப்போற சத்தம். எனக்கு அதுதான் வேணும்."

ரிட்சுகோ கைப்பையை எடுத்துக்கொண்டு கென்சாகுவிடம் திரும்பினாள். "வீட்ல இருக்கறவங்க சொல்றதக் கேளு. இனிமே என்னக் கூப்பிடாத."

அவள் படியிறங்கும் ஓசை கேட்டபோது கென்சாகு பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாதி எழுந்ததை யுகாரி பார்த்தாள்.

அடுத்த வாரமே புது டர்ன்டேபிள் வந்தது. ஹமசாகியே வந்து யுகாரி சொன்ன கார்ட்ரிட்ஜைப் பூட்டி, ஊசியின் எடையைச் சரிபார்த்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். கென்சாகு ஓர் இசைத்தட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். யுகாரி சமையலறை வாசலில் நின்றாள்.

"எப்படி இருக்குங்க?"

முகத்தைச் சுருக்கி வெகுநேரம் கேட்டார். "தெரியல, யுகாரி" என்றார். குரலில் கோபம் இல்லை. வழி தவறியவர் போலிருந்தது.

யுகாரி கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த ஓசை பிடித்திருந்தது. சொல்ல வாயெடுத்தாள். தான் சொன்னதும், ரிட்சுகோ சொன்னபோது கேட்டதுபோலவே, அவருக்கும் அப்படியே கேட்கத் தொடங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது.

சொல்லாமலே இருந்துவிட்டாள்.