வெந்நீர் மேட்டுப் பெட்டி

வெர்ன் வீடு திரும்பாமல் இரண்டு நாளாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்கு உதிரி பாகம் வாங்கப் போவதாகப் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவன், புதன்கிழமை நடந்த பனிவண்டிகள் பற்றிய பொது விசாரணைக் கூட்டத்துக்கும் வரவில்லை. அக்கா மார்லிஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபம், வேறென்ன? இருவரும் முகம் கொடுத்துப் பேசி மூன்று வாரமாயிற்று.

அவன் கோபமெல்லாம் அவள் வேலையின் மேல்தான். ஊரை ஒட்டிய தேசியப் பூங்காவுக்குள் எத்தனை பனிவண்டிகளை விடலாம் என்று அரசாங்கம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. வெந்நீர் ஊற்று மேட்டில் மைக் வைத்த பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் பதிவாவதைக் கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் எஞ்சின் இரைச்சல் என்று குறித்துக் கொடுப்பது மார்லிஸின் பொறுப்பு. வெர்னோ நாற்பது பனிவண்டிகளை வாடகைக்கு விடுகிறவன். அவள் எழுதும் ஒவ்வொரு நிமிடமும் அவன் வயிற்றில் அடித்தது.

ஊர் சும்மா இருக்குமா? ரொட்டிக் கடையில் அவள் தலையைக் கண்டதும், "மெதுவாப் பேசுங்கப்பா, அம்மாவுக்குக் காது வலிக்கும்" என்பார்கள். அந்தப் பெட்டி எந்நேரமும் அவள் மேசைக்கே சத்தத்தை அனுப்புகிறது, அவள் உட்கார்ந்து ஒட்டுக் கேட்கிறாள் என்று ஒரு புரளி வேறு. அடப் பாவிகளா, அது வெறும் பதிவுப் பெட்டி! வியாழக்கிழமைதோறும் பூங்காக் காவலர் போய் உள்ளே இருக்கும் மெமரி கார்டை மாற்றி எடுத்து வருவார், அவ்வளவுதான். மார்லிஸ் ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். பயந்தாவது அடங்கிப் போகட்டுமே என்று விட்டுவிட்டாள். திமிர்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

வெர்னே ஒருமுறை கேட்டான். "நெஜமாவே அங்க நடக்கறதெல்லாம் உனக்குக் கேக்குதாக்கா?"

"நீ தும்முனாக்கூடக் கேக்கும், போடா."

"ஒருநாள் அந்தப் பெட்டியப் புடுங்கி எறியறேன் பாரு."

வியாழன் காலை கார்டு வந்து சேர்ந்த நேரத்தில் வெர்னின் மனைவி கோலீன் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணி, அவரு ஐடஹோவுக்குப் போகவே இல்ல. கார் வண்டிக் கொட்டகைக்குப் பின்னாடி நிக்குது, இப்பத்தான் பாத்தேன். அந்தப் பழைய பனிவண்டியத்தான் காணோம்."

செவ்வாய் இரவு குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. புதன்கிழமை கொட்டிய பனியில் தடம் ஏதும் மிஞ்சியிருக்காது. பெட்டியைப் பிடுங்கி எறிவேன் என்று அவன் சொன்னது நினைவுக்கு வர, மார்லிஸ் கார்டைச் செருகி, ஹெட்போனை மாட்டி, செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளினாள்.

நீராவியின் சீறல். ஒரு அண்டங்காக்கை. ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு எஞ்சின் சத்தம், மேட்டின் பின்பக்கத்திலிருந்து. யாரும் போகக் கூடாத பக்கம் அது. இருமி இருமி ஓடும் அந்த எஞ்சினை அவளுக்குத் தெரியாதா? சட்டென்று மடமடவென ஏதோ உடைந்தது. எஞ்சின் நின்றது.

பிறகு, தூரத்தில், ஒரு குரல்.

"அக்கா! நான்தான். ஓடை மேல பனி ஒடஞ்சிருச்சு, வண்டி என் கால் மேல கெடக்கு. உன் பெட்டியக் கழட்டத்தான் வந்தேன், திட்டறத அப்புறம் திட்டு. மொதல்ல ஆள அனுப்பு."

கூடவே ஒரு சிரிப்பு. அவனுக்குப் பயமே இல்லை.

மார்லிஸ் வயர்லெஸ்ஸைப் பிடுங்கி, "மேட்டுக்குப் பின்னாடி, ஓடைப் பள்ளம், ஓடுங்க!" என்று கத்தினாள். ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை. பதிவைத் தள்ளித் தள்ளிக் கேட்டாள்.

பதினோரு மணிக்கு, "கெளம்பிட்டாங்களாக்கா?"

ஒரு மணிக்கு, "கேட்டுட்டுத்தானே இருக்க? கோவத்துல சும்மா உக்காந்திராதக்கா. வெளையாட்டில்ல."

"இல்லடா, நான் கேக்கலடா" என்று அவள் திரையைப் பார்த்து அலறினாள். பக்கத்து அறையிலிருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

நாலரை மணிக்கு அவன் குரல் குழறியிருந்தது.

"சரிக்கா, நீயே ஜெயிச்சுட்ட. நாளைக்குக் கூட்டத்துல நான் வாயே தெறக்க மாட்டேன், சத்தியமா. இப்பவாவது யாரையாச்சும் அனுப்பு."