அப்பாவின் கணக்கில் சேர்ந்த கண்ணீர்

உதவித்தொகை அலுவலகத்துக்கு வெளியே இருந்த பெஞ்சில் அன்று துக்கச் சந்தை கூடியிருந்தது. மதிப்பெண் சரிந்து, உதவித்தொகை கைவிட்டுப் போகும் நிலையில் இருந்த மாணவர்கள் மேல்முறையீட்டுக்கு வந்திருந்தார்கள். யார் வீட்டில் யார் செத்தார், யாருக்கு எதை வெட்டி எடுத்தார்கள் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். மஞ்சள் காமாலை வந்த ஒருவன், தன்னுடையது எடுபடுமா என்று கவலைப்பட்டான். விபத்தில் அண்ணனைப் பறிகொடுத்தவளைப் பார்த்து, அவளுக்கென்ன, நிச்சயம் கிடைத்துவிடும் என்று பெருமூச்சு விட்டான். அவன் குரலில் பொறாமை இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பீட்ரூட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பீட்ரூட் அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. வேதியியல் ஆய்வகத்தில் சம்பாதித்த பெயர். நீளக் கண்ணாடிக் குழாயின் திருகைத் திறந்து, கீழே இருக்கும் குடுவைக்குள் சொட்டுச் சொட்டாகக் கரைசலை விட வேண்டும். குடுவையில் வெளிர் ரோஜா நிறம் எட்டிப் பார்த்ததும் திருகை மூட வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் போச்சு. அவளுக்குக் கை நடுங்கும், குடுவை செக்கச்செவேலென்று சிவந்துவிடும். ஒருநாள் ஆய்வக ஆசிரியர் அந்தக் குடுவையை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"இதுல கொஞ்சம் சர்க்கரை போட்டா பீட்ரூட் ஜூஸ்னு விக்கலாம்" என்றார்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த நாள் முதல் அவள் ஆய்வகம் இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. முதலில் செய்முறை மதிப்பெண் போனது. பிறகு, ஒரு வகுப்புக்குப் போகாதவள் மற்ற வகுப்புக்கு எந்த முகத்தோடு போவது என்று அதுவும் போனது. விடுதி அறையில் போர்வைக்குள் கிடந்தே அந்தப் பருவத்தை ஒழித்தாள்.

அந்தப் பருவத்தின் கடைசியில்தான் அவள் அப்பா செத்தார். அவர் சாவதற்கு முன்பே இவள் தேறமாட்டாள் என்பது முடிவாகியிருந்தது.

அப்பா என்று சொல்ல வாய் கூசும் மனிதர். எப்போதாவது வீட்டுக்கு வருவார், அம்மா மறைத்து வைத்ததைத் தேடி எடுத்துக்கொண்டு போவார். ஒருமுறை குடித்துவிட்டு வந்து கூடத்தில் வாந்தியெடுத்தார். கொடியில் காய்ந்த இவளுடைய பள்ளிப் பாவாடையை உருவி வாயைத் துடைத்துக்கொண்டு, அதை இவள் மேலேயே வீசிவிட்டுப் போனார். மறுநாள் அதைத்தான் ஈரத்தோடு உடுத்திக்கொண்டு பள்ளிக்குப் போனாள். எத்தனை துவைத்தும் அந்த நாற்றம் போகவில்லை. அவரை எரித்த அன்று, இந்த ஆளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். விடவும் இல்லை.

உதவித்தொகை நின்றுபோனால் படிப்பு அதோடு சரி. அக்கா ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். அந்தக் கிளினிக்கின் பரிசோதனைக் கூடத்தில் மலம், சிறுநீர்க் குப்பிகளைக் கழுவ ஆள் தேவைப்பட்டது. அம்மா அதை ஏற்கெனவே இரண்டு முறை ஜாடைமாடையாகச் சொல்லிவிட்டாள்.

மேல்முறையீட்டில் உண்மையை எழுதப்போவதாக இவள் சொன்னபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாத்தியார் கிண்டல் பண்ணார்னு எழுதுவியா? படிச்சுட்டு அவங்களும் சிரிப்பாங்கடி. உயிரோட இருந்தப்ப அந்த ஆளு நமக்கு என்ன கிழிச்சாரு? செத்தாவது உதவட்டும்."

அக்கா சொல்லச் சொல்ல இவள் எழுதினாள். எந்த வார்த்தையைச் சொன்னால் மருத்துவர் நிமிர்ந்து பார்ப்பார் என்பது அக்காவுக்கு அத்துப்படி. நாள் முழுக்க அதைத்தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தூக்கம் வருவதில்லை, சோறு இறங்குவதில்லை, கண்ணை மூடினால் அப்பா நிற்கிறார் என்று அள்ளிப் போட்டாள். இறப்புச் சான்றிதழ் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். அக்காவுக்குக் கை தாராளம்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டே படித்தார். கண்ணை மூடினால் அப்பா நிற்கிற இடம் வந்ததும் உச்சுக்கொட்டினார். அப்பா செத்த தேதியை யாரும் பார்க்கவில்லை. உதவித்தொகை தொடரும், ஆனால் இரண்டு நிபந்தனை என்றார்கள். வரும் பருவத்தில் வேதியியலில் தேற வேண்டும். இத்தனை பெரிய துக்கத்தில் இருப்பதால், வாரந்தோறும் புதன்கிழமை மதியம் மனநல ஆலோசகரிடம் போய் அட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும்.

தோற்றவர்களுக்காக ஆய்வகத்தைத் திறந்து வைத்துச் சொல்லிக்கொடுப்பதும் அதே புதன்கிழமை மதியம்தான். வேறு நாள் கிடையாது. அக்காவின் தாராளம் எங்கே கொண்டுவந்து விட்டது என்பது அப்போதுதான் இவளுக்கு உறைத்தது.

ஆலோசகரின் அறையில் பிளாஸ்டிக் ரோஜாப்பூக்களும், தாள் கைக்குட்டைப் பெட்டியும், ஏதோ தைலத்தின் மணமும் இருந்தன. முதல் புதன்கிழமை இவள் நேரடியாகவே பேசினாள். அப்பாவை எனக்குப் பிடிக்காது, அவர் செத்ததில் எனக்கு வருத்தமில்லை, ஆய்வக வகுப்புக்குப் போக வேண்டும், நேரத்தை மாற்றித் தாருங்கள் என்றாள். ஆலோசகர் தலையைச் சாய்த்து, பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் இவளைப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்குதில்லம்மா? அதான் உங்க மனசு ஒத்துக்க மாட்டேங்குது. வகுப்புன்னு சொல்லி இங்கேருந்து ஓடப் பாக்குறீங்க."

இதற்கு என்ன பதில் சொன்னாலும் அதுவும் வலி என்றே ஆனது. கோபப்பட்டால் பாசம், சும்மா இருந்தால் இன்னும் ஆழமான பாசம். மாலை மணி அடித்த பிறகும் விடவில்லை. வெளியே வந்தபோது ஆய்வகத்தைப் பூட்டிவிட்டிருந்தார்கள். நடைபாதையிலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அடுத்த வாரம் ஆலோசகர், நீங்கள் தன்னந்தனியாக நின்ற ஒரு நேரத்தை நினைத்துப் பாருங்கள் என்றார். இவள் நினைக்க விரும்பவில்லை. ஆனாலும் அது வந்தது. தூக்கிப் பிடித்த குடுவை, அதற்குப் பின்னால் திறந்த வாய்கள், சிரிப்பு. பொலபொலவென்று கொட்டிவிட்டது. நிறுத்த முடியவில்லை.

ஆலோசகரின் முகம் மலர்ந்தது. "அழுதுருங்கம்மா. அப்பாவுக்குத்தானே அழறீங்க" என்று பெட்டியை முன்னால் தள்ளினார். அழுதவர்களை மேற்கொண்டு சோர்வடைய வைக்கக் கூடாது என்பது அவருடைய முறை. உடனே கையெழுத்துப் போட்டு, போய் ஓய்வெடுக்கச் சொன்னார். இவள் படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி ஆய்வகத்துக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. போனதும் உட்காருவாள், குடுவையை நினைப்பாள், அழுவாள், கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஓடுவாள். ஒவ்வொரு முறையும் உண்மையாகத்தான் அழுதாள். அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. எந்த ஆளுக்கு ஒரு சொட்டும் கிடையாது என்று நின்றாளோ, அந்த ஆளின் கணக்கில் வாராவாரம் ஒரு பெட்டித் தாள் கைக்குட்டை ஏறிக்கொண்டிருந்தது. ஆலோசகர் மற்ற மாணவர்களிடம் இவளை உதாரணம் காட்டுவதாகவும் கேள்விப்பட்டாள்.

ஆய்வகத்தில் ஆசிரியர் மூலையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பார். இவளாகவே குழாயைக் கழுவி, நிரப்பி, தப்பாகப் போனதைக் கொட்டி, மறுபடி நிரப்புவாள். நிறம் வந்து மறையத் தொடங்கும்போதே திருகை இறுக்கி, அதன் பிறகு ஒவ்வொரு சொட்டுக்கும் குடுவையைச் சுழற்ற வேண்டும் என்பதைத் தானாகவே பிடித்துக்கொண்டாள். பருவம் முடியப்போன ஒரு புதன்கிழமை, குடுவையில் வெளிர் ரோஜா வந்து நின்றது. கலையவில்லை, கறுக்கவில்லை. அவள் கையும் நடுங்கவில்லை.

ஆசிரியர் எழுந்து வந்து குடுவையைப் பார்த்தார். சரியாக இருக்கிறது, இந்த முறை தேறிவிடுவாய் என்றார். பிறகு அவள் வீங்கிய கண்ணைப் பார்த்தார். ஆலோசகரிடம் போகிற செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது போலும். தோளில் கையை வைத்தார்.

"கேள்விப்பட்டேம்மா. பாவம், அப்பா போனதுலதான் போன தடவை அப்படி ஆயிடுச்சு, இல்ல?"

அவர் முகத்தில் துளியும் பொய் இல்லை. பீட்ரூட் ஜூஸ் என்று சொன்ன அந்த நாளை அவர் மறந்தே போயிருந்தார். தேர்ச்சிக்கான கையெழுத்தும் அவர்தான் போட வேண்டும்.

"ஆமா சார்" என்றாள்.

அவர் தட்டிக்கொடுத்துவிட்டு மூலைக்குத் திரும்பினார். அவள் குடுவையைத் தொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, முதலில் அவர் கை பட்ட தோளைத் துடைத்தாள்.