வலது கையில் ஒரு வட்டம்

பொட்டிப்புரத்திலிருந்து பஸ் ஏறி அல்லிநகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்த கஸ்தூரியம்மாள், சிரித்த முகமாக வலது கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே பேனாவால் போட்ட வட்டம். உள்ளே தடிப்பே இல்லை. நர்ஸ் முத்துலட்சுமிக்குச் சுருக்கென்றது. காசநோய்ச் சோதனை ஊசியை அவள் யாருக்கும் இடது கையில்தான் போடுவாள்.

"அந்தக் கையக் காட்டுங்க."

முந்தானைக்குள்ளிருந்து இடது கை மெல்ல வந்தது. வட்டத்தைத் தேய்த்து அழித்திருந்தார். நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்த தடிப்பை அழிக்க முடியவில்லை.

முத்துலட்சுமி தலையில் கைவைத்துக்கொண்டாள். முந்தாநாள் ஊசி போடும்போதுதானே படித்துப் படித்துச் சொன்னாள்? போட்ட இடம் தடித்தால் உள்ளே கிருமி தூங்குகிறது என்று அர்த்தம். எப்போதோ நெஞ்சுக்குள் போன கிருமியை, மேக்ரோஃபேஜ் என்னும் காவல் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளைத்து நிற்கும். அப்படி ஒட்டி நிற்கும்படி அவற்றுக்குச் சேதி சொல்வது டி.என்.எஃப். என்ற பொருள். அதுவே அளவு மீறிச் சுரந்துதான் கஸ்தூரியம்மாளின் விரல்களையும் வீங்க வைத்திருந்தது. வீக்கத்துக்கு மதுரை டாக்டர் எழுதிய ஊசி அந்தச் சேதியை நிறுத்திவிடும். வீக்கம் வடியும். கூடவே காவலும் கலைந்து, தூங்கும் கிருமி எழுந்துவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மகள் யுவராணியின் பேனாவைத் தேடியிருக்கிறார்.

"யார ஏமாத்துறீக? என்னையா, உங்க நெஞ்சையா?"

"வைகாசியில யுவராணிக்குக் கல்யாணம் தாயி. தாரை வார்க்க நாந்தான செம்பப் பிடிக்கணும்? இந்த விரலு மடங்க மாட்டேங்குதே."

முதலில் கிருமிக்கு மாத்திரை, ஒரு மாதமாவது கழித்துத்தான் ஊசி என்று ஆஸ்பத்திரி டாக்டரே வந்து சொல்லிவிட்டுப் போனார். வைகாசிக்கு இருந்ததோ இரண்டே வாரம். ஊசியை முதலில் போட்டுவிட்டு மாத்திரையைப் பிறகு தின்றால் என்ன என்றார் கஸ்தூரியம்மாள். பாதி ஊசியாவது போடக் கூடாதா என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்று கண்ணைக் கசக்கினார். தூங்கும் கிருமி யாருக்கும் ஒட்டாது என்று சொல்லிச் சொல்லி முத்துலட்சுமிக்குத் தொண்டை வறண்டது.

கோபமெல்லாம் வாயில்தான் இருந்தது. கை தன்பாட்டுக்கு அலமாரியைத் திறந்து பேண்டேஜ் துணியை எடுத்தது. ஆஸ்பத்திரித் தண்ணீர்ச் செம்பின் கழுத்தில் துணியை இறுகச் சுற்றி, நுனியில் வளையம் போட்டு, கஸ்தூரியம்மாளின் மணிக்கட்டில் மாட்டினாள்.

"விரல விடுங்க. மணிக்கட்டச் சாய்ங்க."

தண்ணீர் சீராக இறங்கி, அப்போதுதான் துடைத்த தரையிலும் முத்துலட்சுமியின் செருப்பிலும் விழுந்தது.

"மேல பட்டுத்துணி சுத்திட்டா யாருக்குத் தெரியப்போகுது? ஆனா தினமும் மாத்திரைய முழுங்கணும். இல்லாட்டி கட்ட அவுத்துருவேன்."

"முழுங்குறேன் ஆத்தா. இன்னொருக்கா ஊத்திப் பாக்கவா?"

முத்துலட்சுமி முணுமுணுத்துக்கொண்டே செம்பை நிரப்பப் போனாள்.