பழைய லைன்

இன்றைக்கு ராத்திரி கதவைத் தாழ்போட்டுக்கொள்ளலாமா, கூடாதா?

சவப்பெட்டியில் கிடந்த கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமானதிலிருந்து தாழ்போட்டுப் பழக்கமில்லை. மலைப்பாதையில் தண்டவாளம் பார்க்கப் போகிறவர் எந்நேரம் திரும்புவார் என்று யார் கண்டது? அவர் ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

"அண்ணி." கொழுந்தன் குனிந்தான். "பெட்டிய மூடப் போறாங்க. சுவத்துல இருக்கே, அந்த மேப்பு... அத அண்ணன்கூடவே வெச்சிடலாமா? அவரு உசுரே அதுதானே."

கூட வேலை பார்த்த கிழவர், ஊருக்கெல்லாம் 'விசில்', வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "வைப்பா. போற எடத்துலயும் தண்டவாளம் நேரா இருக்கான்னு பாக்காம அவன் சும்மா இருப்பானா?"

யாரோ சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்கள்.

அவள் சுவரைப் பார்த்தாள். பழுப்புக் கோடுகள் நெருக்கியடிக்கும் செங்குத்துப் பள்ளத்தாக்கு. நடுவே நீல ஆறு. அதன் கரையை ஒட்டியே ரயில் பாதை. அவர் இல்லாத ராத்திரிகளில் பாத்திரம் கழுவிய ஈரவிரலை அதில் வைப்பாள். இந்நேரம் குகையைத் தாண்டியிருப்பார். இந்த வளைவில் டீ குடித்துக்கொண்டிருப்பார். அங்கேதான் அவரிடம் பேசுவாள். கலைந்துபோன கருவைப் பற்றிக்கூட அந்த வளைவில்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் அவர் தூங்கிவிடுவார். விரல் பட்டுத் தேய்ந்து தேய்ந்து அந்தப் பாதைக் கோடு வெளுத்திருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அவர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். "அங்க என்னத்தப் பாக்குற?"

"நீங்க போய்ட்டிருந்த வழிய."

"அட போடி! இது நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தியே வெள்ளத்துல போன லைன். நாங்க வேலை பாத்தது மலைக்கு அந்தப் பக்கம். அது இந்த மேப்புலயே கெடையாது. ஆபீஸ்ல கழிச்சுப் போட்டானுங்க, பாக்க அழகா இருக்கேன்னு எடுத்துட்டு வந்தேன்."

இருமல் வரும்வரை சிரித்தார். அவள் அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

இதற்குள் கொழுந்தன் ஓர் ஆணியைப் பிடுங்கிவிட்டிருந்தான். வரைபடத்தின் மூலை சுருண்டு தொங்கியது.

அவள் எழுந்து போய் ஆணியை வாங்கி, பழைய துளையிலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இது இருக்கட்டும் தம்பி."

"அண்ணனுக்காகத்தானே அண்ணி கேக்குறேன்..."

"அவரு டார்ச் லைட்டு அலமாரியில இருக்கு. அத வை."

பெட்டி மூடும் சத்தம் கேட்டது. அவள் விரலை எடுக்கவில்லை.