செல் ஏன் சாகிறது: நான்காவது வரைவு

1.

இந்தக் கதையை நான் எழுத நினைக்கவில்லை. அண்ணன் கேட்டார், அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் அவருடைய வலது கட்டைவிரல் ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்க மறுத்தது. இப்போது சட்டைப் பொத்தானையும் மறுக்கிறது. தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னைப் பார்த்து, "அது எப்படிச் சாகுது? ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் எழுதறியே, எனக்கும் எழுது" என்றார்.

நான் பள்ளிகளுக்கு அறிவியல் பாடநூல் எழுதுகிறவள். மறுக்க முடியவில்லை.

2.

முதல் தொடக்கம்: "மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த அவன்

(இத்துடன் நிறுத்தினேன். புரதம் என்பது நீளமான ஒரு சங்கிலி. சரியான வடிவத்தில் மடிந்தால்தான் அது வேலை செய்யும். அதற்காக அண்ணனைத் துணி மடிப்பவராக்கிவிட்டேன். தங்கை படித்துவிட்டு, "புரதமும் மடியுது, அண்ணனும் மடிக்கிறாரு. அடுத்து நர்ஸ் வந்து குடையை மடிக்கணுமாக்கா?" என்றாள்.)

இரண்டாவது தொடக்கம்: "செல் தற்கொலை செய்துகொள்ளும் அந்த

இதை அடித்தது அண்ணன். செத்ததன் மேலேயே பழி போடுவதுபோல் இருக்கிறதாம். "ஓவர்லோடுன்னு எழுது, போதும்" என்றார்.

3.

சரி, ஓவர்லோடு.

லிஃப்டில் அளவுக்கு மேல் ஆட்கள் ஏறினால் பெல் அடிக்கும், கதவு மூடாது. செல்லிலும் அப்படித்தான். கோணலாக மடிந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சேர்ந்துபோனால், அதை உணரும் காவல் புரதங்கள் உள்ளே இருக்கின்றன. அவை பெல் அடிக்கின்றன. உடனே புதுப் புரதம் செய்வது குறைகிறது, அதாவது இனி யாரும் ஏறக் கூடாது. மடிக்க உதவும் புரதங்கள் கூடுதலாக வருகின்றன. தேறாதவை வெட்டிக் கழிக்கப்படுகின்றன. பெரும்பாலும் இதிலேயே பாரம் குறைந்து பெல் நின்றுவிடும். இதைப் படிக்கும் உங்கள் உடம்பிலும் இந்த நிமிடம் எங்கோ ஒரு பெல் அடித்து ஓய்ந்திருக்கும்.*

பெல் நிற்காவிட்டால்?

காப்பாற்றக் கூப்பிட்ட அதே பெல், நெடுநேரம் அடித்தால் வேறொரு உத்தரவாகிவிடுகிறது. செல் தன்னைத்தானே முறையாக வெட்டி, பொட்டலம் கட்டி, அக்கம்பக்கத்துச் செல்கள் அள்ளிக்கொள்ளும்படி வைத்துவிட்டுப் போகிறது. தோலில் அப்படி ஒன்று போனால் இன்னொன்று வரும். கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கட்டைவிரலுக்கு ஒரு கை நீளம் ஓடும் நரம்புச் செல்லுக்கு மாற்று ஆள் இல்லை.

"பெல் ஒயரைக் கழட்டிட்டா?" என்று அண்ணன் கேட்டார். அவர் வேலை பார்த்த கட்டடங்களில் எல்லாரும் கேட்பதுதானாம், சத்தம் தாங்கவில்லை, கழற்றிவிடு என்று. சோதனைக்கூடங்களில் அதையும் முயன்று பார்த்திருக்கிறார்கள் என்றேன். சில விலங்குகளுக்கு நன்மை, சிலவற்றுக்கு மோசம். உதவிக்கு ஆள் கூப்பிடுவதும் அதே பெல்தானே. அண்ணனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "கழட்டினா சத்தம்தான் போகும். ஏறினவன் இறங்க மாட்டான்."

(*நான்கு வரைவிலும் நான் கைவைக்காத பகுதி இது ஒன்றுதான். இதை எழுதும்போது மட்டும் களைப்பு தெரிவதில்லை.)

4.

இனி தங்கை. எனக்குச் சந்தேகமான பாத்திரம்.

எங்கள் வீட்டில் இந்த நோய் ஜீன் வழியாக வருவது. அண்ணனின் ரத்தச் சோதனை அப்படித்தான் சொன்னது. அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்க வேண்டும். அவருடைய பிள்ளை ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மூன்றாவது வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: "சோதனைக்குப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் தங்கை ஜன்னலோரம் நின்றாள்." அவளுக்கு மூன்று முடிவுகள் யோசித்திருந்தேன். போகிறாள், ஜீன் இல்லை. போகிறாள், இருக்கிறது. போகவே இல்லை, ஆனால் கையிலிருந்து கப் நழுவும்போதெல்லாம் விரல்களைப் பார்த்துக்கொள்கிறாள். மூன்றாவதுதான் இலக்கியமாக இருந்தது.

தங்கை அதைப் படித்தபோது அண்ணனின் சட்டைகளில் பொத்தான்களைப் பிரித்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் எப்பக்கா ஜன்னல்கிட்ட நின்னேன்?"

கதைக்காக, என்றேன்.

"அப்பாவுக்கு நாம மூணு பேரு. கதையில ரெண்டு பேர்தான் இருக்கோம். நீ யாரு, பக்கத்து வீட்டுப் பொண்ணா?"

அவளே நூலைப் பல்லால் கடித்துவிட்டு, ஆய்வகத்துக்குப் போன் செய்துவிட்டதாகச் சொன்னாள். வியாழக்கிழமை பத்து மணி. இரண்டு பேருக்கு.

அன்று மாலை மூன்றாவது வரைவை எடுத்து, 'தங்கை' என்று இருந்த இடத்திலெல்லாம் 'நான்' என்று மாற்றிப் பார்த்தேன். வினைமுற்றுகளைத் திருத்த வேண்டியிருந்தது. மற்றபடி ஒரு சொல்லும் உறுத்தவில்லை. கப் நழுவியதும் என் கையிலிருந்துதான். இரண்டு முறை. சோப்பு நுரை என்று

5.

இன்று வியாழன். ஒன்பது இருபது. தங்கை தன் படிவத்தை நிரப்பிவிட்டாள். என்னுடையது மேசையில் கிடக்கிறது. ரத்தம் கொடுத்தாலும் ரிசல்ட் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 'எனக்குச் சொல்லவும்', 'சொல்ல வேண்டாம்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஏன் அப்படி ஒரு வசதி வைத்திருக்கிறார்கள் என்பதை என்னால் அழகாக விளக்க முடியும். அரைப் பக்கம் ஆகும். விளக்கிக்கொண்டிருப்பவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

தங்கை மட்டும் கேட்கிறாள். "அண்ணன் கீழ வண்டியில உட்காந்திருக்காரு. முடிச்சிட்டு வர்றியா, இல்ல அப்படியே விட்டுட்டு வர்றியா?"

கதையை அப்படியே விடுகிறேன். ஒரு செல் எப்படிச் சாகிறது என்பதில் எனக்குத் தெரிந்தவரை இப்போது உங்களுக்கும் தெரியும். எந்தக் கட்டம் என்பதில் உங்களுக்குத் தெரியாத எதுவும் எனக்கும் தெரியாது. நீங்கள் உங்களுக்கென்று ஒன்றில் டிக் போட்டுப் பாருங்கள். கை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

படிவத்தோடு பேனாவையும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே தருவார்களோ என்னவோ.